குண்டு வெடித்தது ஹோட்டலில், காலியானது வாடகை வீடு

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. யார் செய்தார்கள், இந்திய உளவுத்துறை முன்கூட்டியே சொன்னதா, இலங்கை அரசு எப்படிக் கோட்டை விட்டது என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் அதே வாரம் நீர்கொழும்பில் நடந்த இன்னொரு சங்கதி மட்டும் ஓரமாகவே கிடக்கிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு நம்ம பக்கத்துக் கரையின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு காலை. கொழும்பில் ஷங்ரி-லா, சின்னமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று நட்சத்திர ஹோட்டல்கள். கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். ஆறு இடங்களிலும் தற்கொலைக் குண்டுகள். 260க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் 40க்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டவர்; பெரும்பாலோர் விடுமுறைக்கு வந்து, ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள். இந்தியர்கள் மட்டும் 11 பேர். கட்டுவாப்பிட்டியில் ஒரே கோயிலில் 100 பேருக்கு மேல். சீயோனில் செத்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள்.

இதற்கு மக்கள் எப்படி எதிர்வினை செய்தார்கள்? தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால்தான் இது புரியும்.

முதல் நாள், ரத்த வங்கி வாசலில் வரிசை. ரத்தம் கொடுக்க வந்தவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். அடுத்த நாட்களில் வீதியெல்லாம் வெள்ளைக் கொடி. கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குண்டு வைத்தவர்களின் உடல்களை எங்கள் மையவாடிகளில் ஏற்க மாட்டோம் என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. இதுவரைக்கும் பார்த்தால் மனுஷத்தன்மைக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள், ஏப்ரல் 24 வாக்கில், நீர்கொழும்பில் கதை மாறியது.

அந்த ஊரில் அப்போது பாகிஸ்தானிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான அகதிகள் வாடகை வீடுகளில் இருந்தார்கள். அதிகம் பேர் அஹ்மதியாக்கள், கொஞ்சம் கிறிஸ்தவர்கள், ஆப்கானிஸ்தான்காரர்களும் உண்டு. இலங்கை 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. அங்கே அகதியாக வேலை செய்ய அனுமதி கிடையாது. ஐ.நா. அகதிகள் ஆணையம் வேறு நாடு எதையாவது பார்த்துக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் என்பதாலும் வாடகை கட்டுப்படியானது என்பதாலும் அவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள்.

இவர்கள் ஏன் நாட்டை விட்டு வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாகிஸ்தான் 1974இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி அஹ்மதியாக்கள் முஸ்லிம்களே இல்லை என்று அறிவித்தது. 1984இல் வந்த அவசரச் சட்டம், அவர்கள் தங்கள் தொழுகை இடத்தை மசூதி என்று சொல்வதையே குற்றமாக்கியது. 2010 மே 28 அன்று லாகூரில் அவர்களுடைய இரண்டு தொழுகை இடங்களில் தாக்குதல் நடந்து 80க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதாவது, ஷங்ரி-லாவில் குண்டு வைத்தவர்களுடைய அதே மாதிரிச் சிந்தனைக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் இவர்கள். ஈஸ்டர் குண்டுதாரிகளோ அத்தனை பேரும் இலங்கையர்.

இந்த விவரமெல்லாம் அந்த வாரம் யாருக்கும் தேவைப்படவில்லை. கும்பல்கள் வீடு வீடாகப் போய் மிரட்டின. சில வீட்டுக்காரர்கள் தாங்களாகவே "வீட்டைக் காலி பண்ணுங்க" என்றார்கள். சிலர், குடிவைத்தால் தங்கள் வீட்டையும் உடைப்பார்கள் என்ற பயத்தில் சொன்னார்கள். சில நாளில் சுமார் 1,000 பேர் வீடிழந்தார்கள். நீர்கொழும்பு அஹ்மதியா பள்ளிவாசலில் கொஞ்சம் பேர், பஸ்யாலையில் ஒரு மண்டபத்தில் கொஞ்சம் பேர், நீர்கொழும்பு போலீஸ் நிலையத்து வண்டிக் கொட்டகையில் மிச்சப் பேர். குழந்தைகளோடு, வாரக்கணக்கில். பிறகு அவர்களில் ஒரு பகுதியினரை வடக்கே வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோன இடங்களிலும் எதிர்ப்பு இருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு உறைத்தது ஒன்றுதான். சுற்றுலாப் பயணி, அகதி இரண்டு பேருமே வெளியூர்க்காரர்கள். நம்மை நம்பி வந்து தங்கியவர்கள். ஒருத்தர் டாலரோடு வருகிறார், இன்னொருத்தர் துணி மூட்டையோடு வருகிறார். பணக்கார விருந்தாளியைக் கொன்றதற்கான கோபத்தை ஊர் ஏழை விருந்தாளி மேல் இறக்கிவைத்தது. அவருக்குத்தான் கேட்க ஆள் இல்லை.

பெரிய கலவரம் உடனே வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மே 5ஆம் தேதி நீர்கொழும்பில் ஒரு மோதல். மே 12ஆம் தேதி சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் போட்ட ஒரு வரி மிரட்டலாக அர்த்தம் பண்ணப்பட்டு, கல்வீச்சு. மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை என்று பரவியது. கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. புத்தளம் மாவட்டத்தில் ஒரு தச்சர் கொல்லப்பட்டார். குண்டு வெடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. துக்கத்தில் தன்னை மறந்து செய்தார்கள் என்று சொல்ல முடியாது. துக்கத்துக்கு மூன்று வாரத் தாமதம் இருக்காது. இடையில் வதந்தி சுற்றியது, தொலைக்காட்சி பேசியது, அரசியல்வாதி பேசினார். ஜஹ்ரான் ஹாஷிமின் ஆட்களிடம் 2017 மார்ச்சிலேயே முதல் அடி வாங்கியவர்கள் காத்தான்குடியின் சூஃபி முஸ்லிம்கள் என்பது அந்தப் பேச்சுகளில் வரவே இல்லை.

பொறுப்பு யாருடையது என்று பின்னாளில் நீதிமன்றம் சொன்னது. 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், எச்சரிக்கை வந்தும் கவனிக்காமல் விட்டதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனா 10 கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. போலீஸ், உளவு, பாதுகாப்புத் துறைகளின் தலைமையில் இருந்தவர்களையும் சேர்த்தால் மொத்தம் 31 கோடி. தவறு மேல்மட்டத்தில் இருந்தது. அது ஊர்ஜிதமாக ஏறக்குறைய நான்கு வருஷம் ஆனது. வாடகைக்காரருக்கோ மூன்றே நாளில் தீர்ப்பு.

இலங்கைக்கும் இது புதுசு கிடையாது. 1986 மே 3 அன்று கட்டுநாயக்கவில் நின்றிருந்த ஏர் லங்கா விமானத்தில் குண்டு வெடித்தது. லண்டனிலிருந்து வந்து மாலத்தீவுக்குப் போகவிருந்த விமானம். பயணிகள் ஏறிக்கொண்டிருந்த நேரம். 21 பேர் இறந்தார்கள். பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான் என்று பல நாட்டவர். பழி விடுதலைப் புலிகள் மேல் விழுந்தது. அந்தக் காலம் முழுக்க கொழும்பில் லாட்ஜிலோ வாடகை அறையிலோ இருந்த ஒவ்வொரு தமிழரும் தான் யார், எதற்கு வந்தோம் என்று திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதன் உச்சம் 2007 ஜூன் 7. கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த சமயம். வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லாட்ஜுகளில் விடிகாலையில் புகுந்த போலீஸ், 370க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி ஊரை விட்டு அனுப்பியது. மருத்துவத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு. மறுநாள் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அந்த பஸ்கள் பெரும்பாலும் போன ஊர் எது தெரியுமா? வவுனியா. 12 வருஷம் கழித்து நீர்கொழும்பு அகதிகளை ஏற்றிய பஸ்ஸும் அங்கேதான் போனது.

சரி, மரக்காணம் பக்கம் இருக்கிற எனக்கு இதில் என்ன?

இந்தக் கரையும் வந்தவர்களால் ஆன கரைதான். பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிற சோபட்மா துறைமுகம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினமும் இதுவே என்பார்கள். அந்தப் பாட்டில் இந்த ஊர்ப் பரதவர், வழிப்போக்கர்களான பாணர்களுக்குத் தேறலும் சுட்ட குழல்மீனும் கொடுத்து உபசரிக்கிறார்கள். யார் எவர் என்று விசாரிக்காமல் சோறு போடுகிற ஊர் என்று புலவரிடம் பேர் வாங்கிய ஊர்.

உப்பளங்களைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். அய்யனார் கோயிலுக்குப் பேர்போன ஊர். அங்கேதான் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கிற நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஒன்று. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற சுற்றுலாக் கார்கள் எல்லாம் அந்த ஊர் வழியாகத்தான் போகின்றன. சுற்றுலாப் பயணியும் அகதியும் ஒரே சாலையில்.

2019 ஏப்ரலில் இங்கே டீக்கடையில் கேட்ட முதல் கேள்வி, "நம்ம ஆளுங்க எத்தனை பேரு போயிட்டாங்க?" இரண்டாவது கேள்வி, "செஞ்சது எந்தப் பக்கத்து ஆளு?" கடலோரக் காவல்படை உஷார் நிலையில் இருந்தது. ஏப்ரல் 26 அன்று பெங்களூரு போலீசுக்கு ஒரு போன்: ராமநாதபுரத்தில் 19 பயங்கரவாதிகள் இருக்கிறார்கள், ரயில்களில் தாக்கப் போகிறார்கள் என்று. பாம்பன் பாலம் வரைக்கும் சோதனை. போன் செய்தவரைப் பிடித்தபோது அது வெறும் புரளி என்று தெரிந்தது. ஆனால் ராமநாதபுரம் என்ற ஊர்ப்பெயர் அதற்குள் எல்லா சேனலிலும் ஓடிவிட்டது.

புரளியோடு தப்பித்தோம் என்று பெருமூச்சு விடலாம். ஆனால் நம்ம கரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் இரண்டு தேதிகள் முக்கியம்.

ஒன்று 1984 ஆகஸ்ட் 2. மீனம்பாக்கம் விமான நிலையம். கொழும்பு விமானத்தில் ஏற்ற நினைத்த குண்டு, ஏற்றப்படாமல் நிலையத்திலேயே இரவில் வெடித்தது. 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த இலங்கைப் பயணிகள். செய்தது தமிழ் ஈழ ராணுவம் என்ற சிறு குழு. கறுப்பு ஜூலை நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ராமேஸ்வரத்துக்குப் படகுகள் வந்துகொண்டே இருந்தன. குண்டுக்குப் பிறகும் அவை நிற்கவில்லை. முகாம்களை யாரும் மூடவில்லை. எம்.ஜி.ஆர். அரசின் போக்கும் மாறவில்லை. 1983க்கும் 1987க்கும் நடுவில் 1,30,000 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள்.

இரண்டாவது 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொலை சுற்றுலாப் பயணிகள் மேல் நடந்த தாக்குதல் கிடையாது, தெரியும். ஆனால் நம் ஊருக்கு வந்த விருந்தாளி ஒருவர் நம் மண்ணில் கொல்லப்பட்டார் என்ற அவமான உணர்ச்சி அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க இருந்தது. அந்த இரவே தி.மு.க. அலுவலகங்கள் தாக்கப்பட்டன. அடுத்த மாதத் தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடம். பிறகு அகதிகள் பக்கம் திரும்பியது. முகாமில் இல்லாதவர்கள் போலீசில் பதிவு செய்ய வேண்டும், முகாமில் இருப்பவர்கள் கணக்கெடுப்புக்கு ஆஜராக வேண்டும் என்று கெடுபிடி. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் போகக் கட்டுப்பாடு. பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்குக்கூடச் சிக்கல். 1992 ஜனவரியில் திருப்பி அனுப்புவது தொடங்கியது. அங்கே போர் ஓயாமலிருக்கும்போதே. விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னைக்கு வந்தது, திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகுதான். 1995க்குள் சுமார் 54,000 பேர் போனார்கள்.

1984இல் பெருந்தன்மை, 1991இல் கோபம் என்று இதைச் சுலபமாக முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1984இல் நாம் அகதிகள் மேல் பாயவில்லை என்பது நல்லதுதான். ஆனால் மீனம்பாக்கத்தில் செத்தவர்களுக்காக நாம் அழுதோமா? அவர்களும் நம் ஊர் வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள்தான். இலங்கைக்காரர்கள் என்பதால், அதுவும் அந்த ஒரு வருஷத்து மனநிலையில், அவர்கள் நமக்கு யாரோவாக இருந்தார்கள். இன்றைக்கு மீனம்பாக்கம் குண்டு என்றால் என்ன என்று கேட்பவர்களே அதிகம். 1984இல் செத்த விருந்தாளியை மறந்தோம். 1991இல் உயிரோடு இருந்த விருந்தாளியைத் தண்டித்தோம். இறந்தவர் நம்மவரா இல்லையா என்று பார்த்துத்தான் இரண்டு தடவையும் மனசு வேலை செய்திருக்கிறது.

அப்போ இரண்டையும் சரியாகச் செய்ய முடியாதா? முடியும் என்பதற்குச் சமீபத்திய சாட்சி உண்டு.

2025 ஏப்ரல் 22. காஷ்மீர், பஹல்காம் பக்கத்தில் பைசரன் புல்வெளி. மதத்தைக் கேட்டுக் கேட்டுச் சுட்டார்கள். 26 பேர் இறந்தார்கள். 25 பேர் சுற்றுலா வந்தவர்கள், ஒருவர் அந்த ஊர்க் குதிரைக்காரர். காயம்பட்டவர்களை உள்ளூர்க்காரர்கள் முதுகில் சுமந்து இறக்கினார்கள். மறுநாள் பள்ளத்தாக்கு முழுக்கக் கடையடைப்பு, கொலைகாரர்களைக் கண்டித்து. பத்திரிகைகள் முதல் பக்கத்தைக் கறுப்பாக அச்சடித்தன. ஏப்ரல் 28 அன்று சட்டசபையில் முதல்வர் உமர் அப்துல்லா, விருந்தாளிகளைப் பத்திரமாகத் திருப்பி அனுப்ப முடியவில்லை, மன்னிப்புக் கேட்க வார்த்தை இல்லை என்று பேசினார். அந்த ஊர் அன்றைக்குத் தன்னை வீட்டுக்காரனாக நினைத்துக்கொண்டது. வந்தவர் செத்ததைத் தன் வீட்டுச் சாவாக எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு இதில் நஷ்டமும் இருந்தது. ஒரு வாரத்துக்குள் 87 சுற்றுலாத் தலங்களில் 48 மூடப்பட்டன. குதிரைக்காரர், டாக்ஸிக்காரர், சால்வை வியாபாரி எல்லாருக்கும் அந்த வருஷத்துப் பிழைப்பு போச்சு.

ஆனால் டேராடூன், சண்டிகர் மாதிரி ஊர்களில் வாடகை அறையிலும் விடுதியிலும் இருந்த காஷ்மீர் மாணவர்களுக்கு மிரட்டல் வந்தது. காலி பண்ணுங்கள் என்ற அதே பேச்சு. கணவரை அந்தப் புல்வெளியில் பறிகொடுத்த ஒரு பெண், முஸ்லிம்கள் மேலோ காஷ்மீரிகள் மேலோ யாரும் பாயக் கூடாது, நியாயம் மட்டும் வேண்டும் என்று சொன்னார். அதற்காக அவரையே சமூக ஊடகத்தில் ஏசினார்கள். சாவு விழுந்த வீட்டிலிருந்தே நிதானமான வார்த்தை வந்தது. சாவுக்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள் அவரை வைதார்கள்.

கர்தினால், கணவரை இழந்த அந்தப் பெண், கடையடைத்த காஷ்மீரி என்று பார்த்தால், அடிபட்ட இடத்துக்குக் கிட்டத்தில் இருந்தவர்கள் பலர் பழி கேட்கவில்லை. ஆனால் கிட்டத்தில் இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கட்டுவாப்பிட்டி இருப்பது நீர்கொழும்பில்தான், அகதிகளை விரட்டியதும் அதே ஊர்தான். ஊர் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதல் சில நாட்களில் வீட்டுக்காரர்களும், போலீஸ் நிலைய அதிகாரியும், கோயில் குருக்களும், ஹாஜியாரும், கேபிள் சேனல்காரரும் எடுக்கிற சின்னச் சின்ன முடிவுகள் தீர்மானிக்கின்றன. "இவங்க என் வீட்டுல குடியிருக்காங்க, வாடகை ஒழுங்கா குடுக்குறாங்க, இவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்று ஒரு வீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்ல முடிகிற ஊரா, அப்படிச் சொன்னால் அவர் பின்னால் போலீஸ் நிற்குமா என்பதுதான் கேள்வி.

அதனால்தான் இப்படிப்பட்ட சம்பவங்களைப் படிக்கும்போது மெழுகுவத்தி ஊர்வலப் படங்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. மூன்று வாரம் கழித்து யாருக்கெல்லாம் வீடு போயிருக்கிறது என்று தேடுகிறேன். ஊர் உண்மையில் என்ன நினைத்தது என்பது அங்கேதான் பதிவாகியிருக்கும்.

கீழ்ப்புத்துப்பட்டு மாதிரி முகாம்களை 2021இல் தமிழக அரசு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியது. நல்ல விஷயம்தான். ஆனாலும் அங்கே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், வேலைக்கும் போகிற பிள்ளைகள் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. இந்தியாவும் 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர்கள் கணக்கில் வந்து தங்கியவர்கள்தான். கடலுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அடுத்து ஒரு குண்டு வெடித்தால், அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கப் போவது அவர்கள்தான். நம்முடைய எதிர்வினை என்ன என்பதை அவர்கள் 1991இலேயே ஒருமுறை பார்த்துவிட்டார்கள்.